செம்புக் களிம்பும் ஒரு பாட்டில் ஆல்கஹாலும்

ஜூன் 3, சனி

மருந்துக்கடையில் வேலை முடிந்து வந்தால் சாப்பாட்டு மேஜையைக் காணோம். மேஜை இருக்கிறது, ஆனால் அதன் மேல் பல் டாக்டர் இலகானின் கம்ப்யூட்டர் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. சோற்றுப் பானை ஃபிரிட்ஜ் தலையில். பொரித்த மீன் தையல் மிஷின் மேல்.

"எங்க வெச்சுச் சாப்பிடறது?" என்றேன்.

"மடியில," என்றான் என் புருஷன் நெஸ்டர், தலை நிமிராமல்.

கோபிக்க முடியவில்லை. ஏப்ரலில் வாசலில் 'நெஸ்டர் வாட்டர் கூலிங்' என்று போர்டு மாட்டிய பிறகு வந்த முதல் நிஜ வாடிக்கையாளர் இவர்தான். இதற்கு முன் வந்ததெல்லாம் சொந்தக்காரர்கள். அவர்களைக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஜூன் 4, ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் கம்ப்யூட்டரைப் பிரித்தான். டாக்டர் இதில் விமானம் ஓட்டுவார். எல்லாம் திரையில்தான். ஒவ்வொரு ஞாயிறும் மணிலாவில் ஏறி இலோயிலோவில் இறங்குவார். அவரைப் போலப் 'பறக்கிற' நண்பர்கள் ஏழு பேர் கொண்ட ஒரு கோஷ்டியே உண்டு. இரண்டு வருஷம் செபுவில் மகள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து மிஷினைப் போட்டால், பத்தே நிமிஷத்தில் சூடாகித் தானே அணைந்துவிடுகிறதாம்.

அணையாமல் என்ன செய்யும்! உள்ளே தண்ணீரைச் சுற்றி ஓடவிட்டுச் சூட்டை இறக்கும் செம்புக் குழாய்கள். எல்லாம் அடிப்பிடித்த சோற்றுப் பானை போல் கறுத்துக் கிடக்கின்றன. இணைப்புகளில் பச்சைக் களிம்பு. பிராசஸர் மேல் உட்காரும் செம்புத் தகட்டில் சீப்புப் பல்லை விட மெல்லிய கோடுகள், அவற்றின் நடுவே பாசி போல ஏதோ. எனக்குப் பார்க்கவே அருவருப்பு. நெஸ்டருக்கோ முகமெல்லாம் சிரிப்பு. பதினெட்டு வருஷம் கப்பல் எஞ்சின் அறையில் கிடந்தவன். "எங்க கப்பல்ல இருக்கறதும் இதேதான் வெங். இது பொம்மை சைஸ்," என்கிறான் என்னிடம்.

மதியம் கப்பல் ஏஜென்சியிலிருந்து போன். ஒன்பது மாதக் கப்பல் ஒன்று இருக்கிறதாம், பதினாறாம் தேதிக்குள் பதில் வேண்டுமாம். நான் பாத்திரம் கழுவுவது போல் குழாயைத் திறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போனை வைத்துவிட்டுச் சொன்னான்: "இந்த மிஷின் நல்லா வந்தா டாக்டர் கோஷ்டில இன்னும் நாலு பேர் கொண்டு வருவாங்க. வந்தா நான் போகல. வரலேன்னா போறேன். சரியா?"

சரி என்றேன். பதினேழு வருஷக் கல்யாணத்தில் நாங்கள் ஒரே வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் ஆறு வருஷம் தேறாது. பிள்ளை இல்லை. அவன் போனால் இந்த வீட்டில் நானும் தொலைக்காட்சியும்தான். அவன் போகக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டும், வேறெதுவும் வேண்டாம்.

ஜூன் 5, திங்கள்

கடைகளில் விற்கும் அமிலம் கோடுகளைத் தின்றுவிடுமாம். வீட்டுச் சரக்கே போதும் என்கிறான். நானும் சும்மா இருப்பேனா? கடையில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து போனில் தேடினேன். ஓர் அமெரிக்கன் எழுதியிருக்கிறான், செம்புக்குக் கெச்சப் தடவி ஊற வையுங்கள், பளிச்சிடும் என்று. சாயங்காலம் நெஸ்டர் குளிக்கப் போன சமயம் அந்தத் தகட்டில் பாதி பாட்டில் கெச்சப்பைப் பூசி, தட்டு போட்டு மூடி வைத்துவிட்டேன். காலையில் பார்த்து அசந்துபோகட்டும்.

ஜூன் 6, செவ்வாய்

அசந்துதான் போனான். தகட்டில் செம்பும் தெரியவில்லை, கெச்சப்பும் தெரியவில்லை. எறும்பு. அந்த மெல்லிய கோடுகளுக்குள் எல்லாம் வரிசை கட்டி எறும்பு.

"வெங்! அந்த அமெரிக்கன் சொன்னது தக்காளி கெச்சப். நம்ம வீட்ல இருக்கறது சர்க்கரை போட்ட வாழைப்பழக் கெச்சப்! டாக்டர் மிஷினுக்கு ஸ்பகெட்டி பண்ணி வெச்சிருக்கியே!"

இருமல் வரும் வரை சிரித்தான். பிறகு காலை முழுக்க வெந்நீரும் பல் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து எறும்பையும் சர்க்கரையையும் எடுத்தான். சிரிப்புக்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கிறதா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை போலிருக்கிறது. இருந்தாலும் மூன்று நாள்கள் கழித்து வருமோ என்று ஒரு பயம். நான் இப்படித்தான். நல்லது நடந்தாலும் அதன் வால் எங்கே என்று தேடுவேன்.

ஜூன் 7, புதன்

பக்கத்து வீட்டு சியோனி வேலி மேல் தலையை நீட்டி, "என்ன அக்கா, எறும்புக்கு விருந்து வெச்சியாமே?" என்றாள். தெருவுக்கே சொல்லியிருக்கிறான் பாவி. ஆனால் அவளேதான் கைகொடுத்தாள். அவள் வீட்டுக் காமியாஸ் மரத்தடியில் அந்தப் புளிப்புக் காய் கொட்டிக் கிடக்கிறது. "அள்ளிட்டுப் போ. கோயில் மணியையே இதுலதான் தேய்க்கறோம். உன் டப்பா என்ன பெரிய டப்பா!"

காயை நசுக்கி, உப்பைத் தூவி, பழைய பனியன் துணியால் குழாய்களைத் தேய்த்தோம். கறுப்பு இறங்கி ரோஜா நிறத்தில் செம்பு வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, காமியாஸ் தெறித்ததாலும் இருக்கலாம். மெல்லிய கோடுகள் உள்ள தகட்டை மட்டும் வினிகர்க் காடியும் உப்பும் கலந்த தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டான். அதற்கு மேல் ஒரு நிமிஷம் கூட விடக் கூடாதாம். பிறகு சமையல் சோடாத் தண்ணீர், பிறகு எங்கள் கடையிலிருந்து நான் தூக்கி வந்த காய்ச்சி வடித்த தண்ணீர். சூட்டை வெளியே விடும் ரேடியேட்டரை மட்டும் ஒன்பது தடவை அலசினான். முதலில் வந்தது பச்சை, கடைசியில் வந்தது குடிக்கலாம் போல் தெளிவு.

வீடே புளித்த சூப் வாசம். இவ்வளவு நாளில் இன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன், மடியில் வைத்துத்தான்.

ஜூன் 9, வெள்ளி

எல்லாம் பூட்டியாயிற்று. தகட்டின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி, நான்கு மூலையிலும் திருகு. குறுக்கும் நெடுக்குமாகக் கால் கால் சுற்றாக இறுக்கினான். மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடி வழியாகச் செம்பு மின்னுகிறது. அவன் கை கழுவப் போனதும், மூடியில் விரல் ரேகை படிந்திருக்கிறதே என்று ஆல்கஹால் பீய்ச்சிப் பளபளவென்று துடைத்து வைத்தேன். தண்ணீர் ஊற்றி, கீழே டிஷ்யூ காகிதம் விரித்து, பம்பை மட்டும் ஓடவிட்டிருக்கிறான். ஒரு நாள் முழுக்க ஓடி டிஷ்யூ நனையவில்லை என்றால் ஜெயித்தோம்.

ஜூன் 10, சனி

நனைந்துவிட்டது.

ஒரு நாணய அளவு ஈரம். மூடியில் நான்கு திருகைச் சுற்றியும் முடி முடியாக வெடிப்பு. எங்கிருந்து வந்தது? நேற்று இல்லையே.

நெஸ்டர் கத்தவில்லை. மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பிறகு தன் வலது கையைப் பார்த்தான். "நான்தான் அதிகமா இறுக்கிட்டேன்," என்றான்.

டாக்டருக்குப் போன் செய்தான். அவர் நல்ல மனுஷர். "விடுப்பா, நானே எத்தனை பேர் பல்லை உடைச்சிருக்கேன், வெளியில சொல்லிக்கறதில்ல," என்றாராம். ஆனால் பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கோஷ்டி முழுவதும் அவர் வீட்டில் கூடுகிறது, அன்றைக்கு மிஷின் வேண்டும். புது மூடிக்கு ஆர்டர் கொடுத்தான். ஆறு நாள்கள் ஆகும்.

ஜூன் 11, ஞாயிறு

காபிக் கோப்பையை வலது கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"ஆடுதா பாரு."

"ஆடல."

"நல்லாப் பாரு."

"ஆடலப்பா."

நம்பவில்லை. பழைய போல்ட் ஒன்றை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை பூட்டியும் கழற்றியும் கொண்டிருந்தான்.

ஜூன் 12, திங்கள்

சுதந்திர தின விடுமுறை. மருந்துக்கடைக்கு ஏது விடுமுறை! கூட்டம் இல்லை. போனை எடுத்து, இந்த மாதிரி மூடி ஏன் வெடிக்கும் என்று தேடினேன். முதல் வரியிலேயே இருந்தது. திருகி இறுக்கிய அக்ரிலிக் பிளாஸ்டிக் மீது ஆல்கஹால் படக் கூடாது. பட்டால் திருகுகளைச் சுற்றி முடி முடியாக வெடிக்கும்.

எதிரே அலமாரியில் நாற்பது பாட்டில் ஆல்கஹால் வரிசையாக நின்று என்னையே பார்க்கிறது.

ஐயோ, நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்! கதவுப் பிடி, செல்போன், ஜீப்னி வண்டியில் வாங்கிய சில்லறை, மீன் பை, என்ன வீட்டுக்குள் வந்தாலும் ரெண்டு பீய்ச்சு. அந்தக் கொள்ளைநோய் வருஷத்தில் பிடித்த பழக்கம், ஊரே விடவில்லை, நானும் விடவில்லை. துடைக்கிறோம் என்று யோசித்துக் கூடத் துடைக்கவில்லை. கைதான் துடைத்தது.

சொல்லிவிட வேண்டியதுதானே? சொல்ல வேண்டியதுதான். ஆனால் 2016 ஞாபகம் வருகிறது. கப்பலேறத் தேவையான அவன் கடற்பயணப் புத்தகம் பேன்ட் பையில் இருப்பது தெரியாமல் வாஷிங் மிஷினில் போட்டேன். கூழாய் வந்தது. அந்தக் கப்பல் போயிற்று. அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒன்பது நாள்கள் பேசவே இல்லை. கத்தினால் தேவலை. ஒன்பது நாள்கள் ஸ்பூன் சத்தம் மட்டும் கேட்ட வீடு அது.

நாளைக்குச் சொல்கிறேன்.

ஜூன் 13, செவ்வாய்

சொல்லவில்லை.

ஜூன் 14, புதன்

சியோனி ஒரு கூடை காமியாஸைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்ன அக்கா, வாயில கொழுக்கட்டையா? ரெண்டு நாளா சத்தமே காணோம்," என்றாள். சிரித்து மழுப்பினேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. அவள் போன பிறகும் அவள் பார்வை வேலி மேலேயே நிற்கிற மாதிரி இருந்தது.

சாப்பிடும்போது நெஸ்டர் சொன்னான்: "பதினெட்டு வருஷமா பெரிய பெரிய போல்ட்டை இறுக்குன கை வெங். இந்தச் சின்ன வேலைக்கு அது ஆகாது. யார்கிட்டயோ பணம் வாங்கி அவங்க பொருளை உடைச்சா அப்புறம் மூஞ்சி எங்க வெச்சுக்கறது? இந்தக் கை எஞ்சின் ரூமுக்குத்தான்."

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். அப்புறம் மனசு ஒரு கணக்குப் போட்டது. ஒருவேளை அவனும் கொஞ்சம் அதிகமாக இறுக்கியிருக்கலாம் அல்லவா? ரெண்டு பேர் மேலும் தப்பு இருக்கலாம் அல்லவா?

ச்சீ.

கால் கால் சுற்றாக, மூச்சுப் பிடித்து இறுக்கினான். நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன்.

நான் வாயைத் திறக்காவிட்டால் அவன் தன் கையை நம்பாமல் கப்பலேறிவிடுவான். திறந்தால் பேச மாட்டான், ஆனால் இங்கே இருப்பான். பேசாதவன் இருந்தால் போதாதா எனக்கு? இதற்கு யோசனை வேறு! நாளைக் காலையில் முதல் வேலையாக.

ஜூன் 15, வியாழன்

காலையில் எழுந்தால் அவன் இல்லை. 'கலாவ் தெரு வரை போய் வருகிறேன், விசாரிக்க மட்டும்' என்று காகிதம். கப்பலுக்கு ஆள் எடுக்கிற தெரு அது. கடையில் நாலு பேருக்குத் தப்பான சில்லறை கொடுத்தேன். ஒரு கிழவர் திருப்பிக் கொடுத்துவிட்டு, "உடம்பு சரியில்லையாம்மா?" என்றார்.

அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மூன்று மணிக்கு வந்தான். செருப்பைக் கழற்றக் கூட விடவில்லை.

"நெஸ், மூடியை வெடிக்க வெச்சது நான்தான். நீ இல்ல. நீ போன பின்னால நான் ஆல்கஹால் போட்டுத் துடைச்சேன். அதுதான் வெடிச்சது. திங்கக்கிழமையே தெரியும் எனக்கு. பயமா இருந்துது. உன் கையில ஒண்ணுமில்ல. உன் கை நல்லாருக்கு—" இதே வரிசையில்தான் சொன்னேனா தெரியவில்லை. அழுதுகொண்டே சொன்னேன்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். "அஞ்சு நாளா என் கையையே பாத்துக்கிட்டிருந்தேன் வெங்," என்றான்.

அவ்வளவுதான். திட்டவில்லை. கக்கத்தில் வைத்திருந்த பழுப்பு உறையை எடுத்து மேஜையில், டாக்டர் மிஷின் பக்கத்தில் வைத்தான். காலை பத்தரைக்கே கப்பல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். போட்டுவிட்டுப் பின்வாங்கினால் எந்தக் கப்பலும் இனிமேல் கூப்பிடாதாம்.

பத்தரை மணிக்கு நான் இருமல் மருந்து விற்றுக்கொண்டிருந்தேன்.

ஜூன் 16, வெள்ளி

ஒன்பது நாள்கள் என்று மனதில் எண்ணத் தொடங்கியிருந்தேன். காலை ஆறு மணிக்கே, "காபி இருக்கா?" என்றான். எண்ணுவதை விட்டேன்.

மதியம் புது மூடி வந்தது. திருப்புளியை என்னிடம் நீட்டினான்.

"நீ இறுக்கு."

"நானா? வேண்டாம்பா. வெடிச்சுட்டா?"

"வெடிச்சா சோறு வடிக்கற மாதிரி வடிச்சுட்டு மறுபடி வாங்குவோம். இறுக்கு. குறுக்கே குறுக்கே போ. கால் சுத்து."

என் கைதான் ஆடியது. அவன் சிரித்தான்! பூட்டி முடித்ததும் ஆல்கஹால் பாட்டிலை எடுத்து, அதன் கழுத்தில் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பைச் சுற்றி, பேனாவால் எழுதினான்: 'சில்லறைக்கு மட்டும்.'

ஜூன் 18, ஞாயிறு

டிஷ்யூ காய்ந்தே இருந்தது. காலையில் டாக்டர் வீட்டில் வைத்துப் போட்டோம். இரண்டு மணி நேரம் ஓடியது, சூடு ஐம்பத்து நாலு டிகிரியைத் தாண்டவில்லை. டாக்டர் இலோயிலோவில் விமானத்தை இறக்கினார், ஏழு கிழவர்களும் கைதட்டினார்கள். நாலு பேர் நெஸ்டரிடம் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். அவன் சொன்ன அதே நாலு.

நான் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். கையெழுத்துக்கு இரண்டே இரண்டு நாள்கள் முன்னால் வாயைத் திறந்திருந்தால்! பன்னிரண்டாம் தேதியே திறந்திருந்தால்!

ஜூலை 8, சனி

விமான நிலையம். ஒன்பது மாதம். வாசலில் போர்டைக் கழற்றட்டுமா என்று கேட்டேன். "கழட்டாதே," என்றான்.

ஆகஸ்ட் 5, சனி

டாக்டர் நண்பர்களில் ஒருவர், ஓய்வுபெற்ற தபால் அதிகாரி, மிஷினைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். நெஸ்டர் கடலில் இருக்கிறான் என்றேன். "அடடா, அப்ப ஏப்ரல்லதானா?" என்று திரும்பி நடந்தார். கேட்டைத் தாண்டும்போது என் வாயிலிருந்து தானாக வந்தது: "வெச்சுட்டுப் போங்க."

என்ன தைரியத்தில் சொன்னேன்? மிஷின் மேஜையில் இருக்கிறது. நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

நெஸ்டர் சிங்கப்பூர் துறைமுகத்திலிருந்து வீடியோவில் வந்தான். அங்கிருந்தபடியே ஒவ்வொரு திருகாகச் சொன்னான். காமியாஸ், உப்பு, காடி பத்து நிமிஷம். ஒன்பதாவது நிமிஷம் அவன் அங்கே கத்துகிறான், நான் இங்கே கத்துகிறேன். சியோனி வேலி மேல் நின்று, "குழந்தையா பொறக்கப் போகுது? ஏன் இந்தக் கூச்சல்!" என்றாள். டிஷ்யூ காய்ந்திருந்தது. மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன்.

நவம்பர் 19, ஞாயிறு

மூன்றாவது மிஷின் நேற்று பூட்டினேன். இந்த முறை யாரையும் கேட்கவில்லை.

காலையில் நெஸ்டர் கூப்பிட்டான். ராட்டர்டாமாம், குளிராம், குல்லாய் போட்டிருந்தான். கப்பலில் இன்னும் மூன்று மாதம் சேர்த்து இருக்கச் சொல்லிக் கையெழுத்துக் கேட்டார்களாம். அவன் உடனே சொல்லவில்லை, கிராதகன், மூக்கைச் சிந்திவிட்டுத்தான் சொன்னான்: "போடல."

பிறகு, "கையைக் காட்டு," என்றான்.

நகக்கண்ணெல்லாம் பச்சை. கட்டை விரலில் ரேடியேட்டர் தகடு கிழித்த கோடு. மறைக்கலாமா என்று பார்த்தேன், பிறகு இரண்டு கையையும் திரைக்கு நேரே நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான்.

"ஆடல," என்றான்.

"உன்னுதைக் காட்டு."

நீட்டினான். ரேகை முழுக்க எஞ்சின் எண்ணெய்.

"ஆடல," என்றேன். "அன்னிக்கும் ஆடல."

"தெரியும்," என்றான்.

மதியம் டாக்டர் வந்து நண்பரின் மிஷினை எடுத்துப் போகிறார். கீழே விரித்த டிஷ்யூ காய்ந்து இருக்கிறது. ஒரே ஒரு தடவைதான் தொட்டுப் பார்த்தேன்.